ஸ்க்ரோல் டைரி: மேலே இருந்து பார்த்தா வைகையில தண்ணி தெரியுமா?

மே மாதக் கடைசியில் மயிலாடும்பாறைக்குப் போயிருந்தேன். அம்மாச்சி வீட்டில் போனுக்கு ஒழுங்காக சிக்னல் கிடைக்கும் ஒரே இடம் மொட்டை மாடிதான். ராத்திரி சாப்பாடு முடிந்ததும் பாய், தலையணை, சார்ஜர் சகிதமாக மொத்தக் குடும்பமும் மாடி ஏறிவிடும். அம்மாச்சிக்குக் காற்று வேண்டும். சித்திக்கு விட்டுப்போன சீரியல். எனக்கு ஆபீஸ் குரூப் மெசேஜ். பத்தாம் வகுப்பு பாஸாகி உட்கார்ந்திருக்கும் சித்தி மகளுக்கு மட்டும் வேறு வேலை. மல்லாந்து படுத்து, தலைக்கு மேலே மினுக்கிக்கொண்டு போகும் விமானங்களை எண்ணுவாள்.

அன்றைக்கு எண்ணுவதை நிறுத்திவிட்டு போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"அக்கா, இதுல நம்ம ஊரு எங்க இருக்குன்னு சொல்லு பாப்போம்."

விமானி ஒருவர் போட்டிருந்த படம். காக்பிட் கண்ணாடி வழியாக எடுத்தது. பச்சையும் பழுப்புமாக மலைகள், நடுவில் கண்ணாடித் துண்டு போல ஒரு நீர்த்தேக்கம். 'மேற்குத் தொடர்ச்சி மலை, காலை 7 மணி' என்பதைத் தவிர வேறு குறிப்பு கிடையாது. அவள் இப்படிப் பத்து, பன்னிரண்டு விமானிகளை ஃபாலோ செய்கிறாள். மேகம், மின்னல், பாலைவனம், பனிமலை என்று நூற்றுக்கும் மேற்பட்ட படங்களைத் தனி ஃபோல்டரில் சேர்த்து வைத்திருக்கிறாள்.

அம்மாச்சியும் எட்டிப் பார்த்தது. கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டது. "ஏத்தா, மேலருந்து பாத்தா ஆத்துல தண்ணி தெரியுதா?"

அந்தக் கேள்விக்குப் பதில் தேடப் போய்த்தான் இந்த வார டைரி எழுத வந்தது.

ஒரு மலை, ரெண்டு பள்ளத்தாக்கு

தங்கச்சியும் நானும் அந்தப் படத்தை மேப்போடு ஒப்பிட்டுப் பார்க்க ஆரம்பித்தோம். முதலில் நீர்த்தேக்கம். அது வைகை அணைதான். 1959-ல் திறக்கப்பட்ட அணை, ஆண்டிபட்டி பக்கம். அணை பிடிபட்டுவிட்டால் மற்றது சுலபம். அங்கிருந்து தெற்கே பார்த்தால் மேகமலை நீளமாகப் படுத்திருக்கிறது. அதற்கு மேற்கே கம்பம் பள்ளத்தாக்கு. 1895-ல் கட்டி முடித்த பெரியாறு அணையின் தண்ணீர் சுரங்கம் வழியாக மலையைத் தாண்டி வந்து பாயும் பூமி. நெல், திராட்சை, வாழை, தென்னை என்று படத்தில் அது ஒரு பச்சை நாடா.

மேகமலைக்குக் கிழக்கே இன்னொரு பள்ளத்தாக்கு. அதுதான் எங்களுடையது. வருசநாடு, மயிலாடும்பாறை, கடமலைக்குண்டு, கண்டமனூர் என்று மூல வைகை வடக்கு நோக்கி இறங்கி வரும் வழி. இந்தப் பக்கம் பச்சை குறைவு. ஆறு இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளையாக ஒரு கோடு மட்டும் வளைந்து வளைந்து போகிறது.

"அது ரோடா?" என்றாள் தங்கச்சி.

ரோடு இல்லை. மணல். மழைக் காலத்தில் சில வாரங்கள் இரு கரையும் தொட்டு ஓடிவிட்டு மற்ற மாதங்களில் காய்ந்து கிடக்கும் எங்கள் மூல வைகை. 258 கிலோமீட்டர் ஓடுகிற வைகை பிறக்கும் இடமே எங்கள் மலைதான். ஆனால் பிறந்த வீட்டில்தான் அதன் தொண்டை வறண்டு கிடக்கிறது.

இத்தனை வருஷம் இந்த ஊருக்கு வந்து போகிறேன். ஒரே மலையின் இரண்டு பக்கமும் இப்படி இரண்டு விதமாக இருப்பதை ஒரே பார்வையில் பார்த்தது அன்றைக்குத்தான். காட்டியவர் முகம் தெரியாத ஒரு விமானி. அவருக்கு இது ஏதோ ஒரு மலை. எங்களுக்கு அம்மாச்சி வீடு.

மைக்கில் எடுத்த போட்டோ

விமானிகள் ஊரைக் காட்டுவது கேமராவால் மட்டும் இல்லை. சில வருஷங்களுக்கு முன்னால் சென்னையிலிருந்து மதுரைக்கு வந்த இண்டிகோ விமானத்தில், விமானி பிரிய விக்னேஷ் தமிழில் பேசிய அறிவிப்பு வைரல் ஆனது பலருக்கு ஞாபகம் இருக்கும். திருச்சிக்கு மேலே பறக்கும்போது காவிரியும் கொள்ளிடமும் பிரிவதையும், நடுவில் ஸ்ரீரங்கம் தீவாக நிற்பதையும் ஜன்னல் வழியாகப் பார்க்கச் சொன்னார். அதுவரை போனை நோண்டிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் ஜன்னல் பக்கம் சாய்ந்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். நானாக இருந்தால் பக்கத்து சீட்டுக்காரர் மடியிலேயே விழுந்திருப்பேன்.

2024 ஏப்ரலில் இன்னொரு வீடியோ. சென்னை - கோவை விமானம். கேப்டன் பிரதீப் கிருஷ்ணன் பயணிகள் முன்னால் வந்து நிற்கிறார். 29-வது வரிசையில் தாத்தா, பாட்டி, அம்மா உட்கார்ந்திருக்கிறார்கள். தாத்தாவின் டி.வி.எஸ் 50-யில் பின்னால் உட்கார்ந்து எத்தனையோ தடவை போயிருக்கிறேன், இன்றைக்கு அவரை அழைத்துப் போவது என் முறை என்று அவர் சொல்கிறார். விமானம் முழுக்கக் கைத்தட்டல்.

இந்த இரண்டு வீடியோவையும் சித்தி பல தடவை பார்த்திருக்கிறாராம். "டி.வி.எஸ் 50-யில போன பிள்ளைதானே பிளேன் ஓட்டுது" என்று அவரே சொன்னார். அடுத்த நிமிஷமே மகளைப் பார்த்து, "அதெல்லாம் மெட்ராஸ் பிள்ளைகளுக்கு" என்றும் சொன்னார். இரண்டுமே ஒரே வாயிலிருந்துதான் வந்தது. அந்த இரண்டாவது வாக்கியத்துக்குக் கடைசியில் வருகிறேன்.

ஓட்டுறப்போ எப்படி போட்டோ?

அம்மாச்சிக்கு அடுத்த சந்தேகம் வந்தது. "வண்டிய ஓட்டிக்கிட்டே போட்டோ புடிச்சா கவுந்துராதா?"

நியாயமான கேள்விதான். விமானம் தரையிலிருந்து கிளம்பி 10,000 அடி ஏறும்வரையும், அதேபோல் 10,000 அடிக்குக் கீழே இறங்கும்போதும் காக்பிட்டில் ஓட்டுவதற்குத் தேவையில்லாத பேச்சுக்கூடக் கூடாது. 'ஸ்டெரைல் காக்பிட்' என்று இதற்குப் பெயர். விபத்துகளில் பெரும்பாலானவை ஏறும்போதும் இறங்கும்போதும் நடப்பதால் வந்த விதி. நாம் பார்க்கும் படங்கள் பெரும்பாலும் அதற்கு மேலே, 30,000 - 40,000 அடி உயரத்தில், ஆட்டோபைலட் பிடித்துக்கொண்ட பிறகு எடுத்தவை. அப்போதும் இரண்டு விமானிகளில் ஒருவர் பொறுப்பில் இருப்பார். போனைத் தொடலாமா, படத்தை வெளியே போடலாமா என்பதற்கு ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனியாக விதி வைத்திருக்கிறது.

பயணிகளான நமக்கும் விதி உண்டு. 1937-ஆம் வருஷத்து விமான விதிகளில் 13-வது விதிப்படி, பறக்கும் விமானத்திலிருந்து அனுமதியில்லாமல் படம் எடுக்கக் கூடாது. 2004-ல் டி.ஜி.சி.ஏ வெளியிட்ட சுற்றறிக்கைதான் பயணிகள் உள்ளேயிருந்து படம் எடுத்துக்கொள்ள வழிவிட்டது. ஆனாலும் பாதுகாப்புக்கு இடைஞ்சல் தரக் கூடாது, பணியாளர்கள் வேண்டாம் என்றால் நிறுத்திவிட வேண்டும். 2025 மே மாதம், ராணுவமும் பொதுமக்களும் சேர்ந்து பயன்படுத்தும் விமான நிலையங்களில், முக்கியமாக மேற்கு எல்லைப் பக்கம், விமானம் ஏறி இறங்கும்போது ஜன்னல் திரையை மூடச் சொன்னார்கள். அந்த மாதிரி இடங்களில் போனைப் பைக்குள் வைத்துவிடுவதே நல்லது.

மேகத்துக்குள்ளே ஒரு ட்யூப்லைட்

தங்கச்சியின் ஃபோல்டரில் எனக்கு ரொம்பப் பிடித்தது ஒரு இடி மேகம். ஈக்வடார் நாட்டு விமானி சாந்தியாகோ போர்ஹா 2016-ல் பசிபிக் கடலுக்கு மேலே, பனாமா பக்கம், 37,000 அடி உயரத்திலிருந்து எடுத்தது. இருட்டில் ராட்சசக் காளான் போல ஒரு மேகம். உள்ளே மின்னல் வெட்டியதில் மேகம் முழுக்க ட்யூப்லைட் போட்ட மாதிரி வெளிச்சம். உலகம் முழுக்கப் பத்திரிகைகளில் வந்த படம் இது.

மேகத்தின் தலை தட்டையாக, தோசைக்கல் போல விரிந்திருப்பதைக் கவனித்தால் ஒன்று புரியும். சூடான காற்று மேலே ஏறிக்கொண்டே போகிறது. ஒரு உயரத்துக்கு மேல் அதைவிட வெதுவெதுப்பான காற்றடுக்கு வந்துவிடுவதால் அதற்கு மேல் ஏற முடியாமல் பக்கவாட்டில் விரிகிறது. கீழேயிருந்து நமக்குத் தெரிவது அடிவயிறு மட்டும். வருசநாட்டு மலையில் சாயந்திரம் 'கருக்கல் கட்டுது' என்று சொல்லித் துணியை எடுக்க ஓடுவோமே, அதே மேகத்தின் தலையை விமானிகள்தான் பார்க்கிறார்கள். பார்த்துவிட்டு, அதைச் சுற்றிக்கொண்டு போகிறார்கள்.

ஜன்னலில் ஒரு ராக்கெட்

விமானிகளில் பலருக்கு ராக்கெட் என்றால் தனிப் பைத்தியம். தங்கச்சி ஃபாலோ செய்யும் பக்கங்களிலும் பாதி விமானம், பாதி விண்வெளி. இது தற்செயல் இல்லை. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் கிளம்பும் நாளில் எந்த வான்பகுதி எப்போது மூடப்படும் என்று விமானிகளுக்கு முன்கூட்டியே அறிவிப்பு போகும். யார் எப்போது எங்கே பறக்கக் கூடாது என்று தெரிந்தவர்களுக்கு, எங்கே பறந்தால் பார்க்கலாம் என்பதும் தெரியும்தானே?

2023 ஜூலை 14, மதியம் 2.35. சந்திரயான்-3 கிளம்புகிறது. அதே நேரம் சென்னையிலிருந்து டாக்காவுக்கு ஒரு விமானம் போய்க்கொண்டிருக்கிறது. விமானி விஷயத்தைச் சொல்ல, ஒரு பயணி ஜன்னல் வழியாக வீடியோ எடுக்கிறார். மேகக் கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு ஒரு வெள்ளைக் கோடு, அதன் நுனியில் ஒரு தீப்பொறி. இஸ்ரோவில் இயக்குநராக இருந்து ஓய்வுபெற்ற விஞ்ஞானி ஒருவரே அந்த வீடியோவைப் பகிர, நாடு முழுக்கப் பரவியது. ஆகஸ்ட் 23 சாயந்திரம் 6.04 மணிக்கு அந்தக் கலம் நிலாவில் இறங்கியபோது, திட்ட இயக்குநராக இருந்தவர் விழுப்புரத்துக்காரர் வீரமுத்துவேல். ரயில்வே ஊழியர் மகன், தனியார் பாலிடெக்னிக்கில் டிப்ளமோ படித்தவர் என்பதெல்லாம் அப்போது நம் வீட்டு வாட்ஸப்பில் வந்தது ஞாபகம் இருக்கலாம்.

400 கிலோமீட்டர் உயரத்து ஜன்னல்

விமானத்தில் 35,000 அடியில் பறக்கும்போது, வானம் சுத்தமாக இருந்தால் சுமார் 370 கிலோமீட்டர் தூரத்துத் தொடுவானம்வரை பார்வை போகும். மேகமலைக்கு மேலே இருந்தால் ஒரு பக்கம் அரபிக் கடல், இன்னொரு பக்கம் மன்னார் வளைகுடா. சர்வதேச விண்வெளி நிலையம் பறப்பது சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில். அங்கிருந்து தமிழ்நாடும் இலங்கையும் ஒரே பார்வையில் அடங்கிவிடும். மணிக்கு சுமார் 28,000 கிலோமீட்டர் வேகம் என்பதால், கன்னியாகுமரிக்கும் சென்னைக்கும் உள்ள தூரத்தை ஒன்றரை நிமிஷத்தில் கடந்துவிடும். நாங்கள் மயிலாடும்பாறையில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்துக்குள் அது உலகத்தையே ஒரு சுற்று சுற்றி வந்துவிடும். ஒரு சுற்றுக்கு 90 நிமிஷம்தான்!

அங்கே 'குப்போலா' என்று ஒரு ஜன்னல் அறை இருக்கிறது. 2010-ல் பொருத்தியது. சுற்றி ஆறு கண்ணாடி, நடுவில் ஒன்று. விண்வெளி வீரர்கள் ஓய்வு நேரத்தில் போய் ஒட்டிக்கொள்ளும் இடம். 2025 ஜூன் 25-ல் கிளம்பி, மறுநாள் நிலையத்துக்குள் நுழைந்த முதல் இந்தியர் சுபான்ஷு சுக்லா, அந்த ஜன்னலில் நின்று பூமியைப் பார்க்கும் படம் நம் எல்லோர் போனுக்கும் வந்தது. வெந்தயமும் பச்சைப்பயறும் முளைகட்ட வைத்த சோதனையும் அவர் வேலைகளில் ஒன்று. ஜூலை 15-ல் பூமிக்குத் திரும்பினார்.

அவருக்கு 41 வருஷம் முன்னால், 1984 ஏப்ரல் 3-ல், ராகேஷ் சர்மா போனார். ஏறக்குறைய எட்டு நாள். இந்திரா காந்தியோடு அவர் பேசியதுதான் நமக்கு ஞாபகம். ஆனால் அங்கே அவருடைய முக்கியமான வேலைகளில் ஒன்று இந்தியாவைப் படம் எடுப்பது. காடு, ஆறு, நிலவளம் எல்லாவற்றையும் பெரிய கேமராக்களால் படம்பிடித்தார்கள். நாடு எப்படி இருக்கிறது என்று பார்ப்பதற்காகவே ஒரு இந்தியர் ஜன்னலில் நின்ற முதல் தடவை அது. விமானப்படையை விட்டு ஓய்வுபெற்ற பிறகு அவர் குடியேறியது நம்ம குன்னூரில்!

இந்த இருவரையும் சேர்த்துப் பாருங்கள். ராகேஷ் சர்மா போர் விமானி. சுபான்ஷு சுக்லா போர் விமானி. ககன்யான் திட்டத்துக்கு 2024 பிப்ரவரி 27-ல் அறிவிக்கப்பட்ட நான்கு பேருமே விமானப்படையின் சோதனை விமானிகள். அவர்களில் அஜித் கிருஷ்ணன் சென்னையில் பிறந்தவர். 286 நாள் விண்வெளியில் இருந்துவிட்டு 2025 மார்ச்சில் திரும்பிய சுனிதா வில்லியம்ஸ் அமெரிக்கக் கடற்படையில் ஹெலிகாப்டர் ஓட்டியவர். விண்வெளிக்குப் போன எல்லோரும் விமானிகள் இல்லை. ஆனால் இந்தியாவிலிருந்து இன்றைக்கு அந்த ஜன்னலுக்குப் போகும் வழி காக்பிட் வழியாகத்தான் போகிறது.

ஃபார்வர்டு பண்றதுக்கு முன்னாடி...

டிஜிட்டல் டெஸ்க்கில் வேலை பார்ப்பதால் இதைச் சொல்லாமல் இருக்க முடியாது. வானத்திலிருந்து எடுத்தது என்று வரும் எல்லாப் படமும் அப்படி எடுத்தது இல்லை. ஒவ்வொரு தீபாவளிக்கும் 'விண்வெளியிலிருந்து தீபாவளி இரவில் இந்தியா' என்று கலர் கலராக ஒரு படம் வருமே? உங்கள் வீட்டு குரூப்பிலும் கட்டாயம் வந்திருக்கும். அது தீபாவளி ராத்திரிப் படமே இல்லை. பல வருஷத்துச் செயற்கைக்கோள் படங்களை ஒன்றாக அடுக்கி, எந்தெந்தக் காலத்தில் எந்தெந்த ஊரில் புதிதாக விளக்கு வந்தது என்று காட்ட, 2003-ல் அமெரிக்க விஞ்ஞானி ஒருவர் நிறம் கொடுத்து உருவாக்கியது. 2012-லேயே நாசா இதை விளக்கிவிட்டது. தீபாவளி அன்றைக்கு நாம் கூடுதலாகப் போடும் விளக்கு, அந்த உயரத்திலிருந்து பெரிதாகத் தெரியாதாம்.

ஆகவே படம் வந்தால் மூன்று கேள்வி கேளுங்கள். யார் எடுத்தது? எப்போது? எங்கேயிருந்து? நல்ல விமானிகள் இந்த மூன்றையும் பெரும்பாலும் படத்துக்குக் கீழேயே எழுதிவிடுவார்கள்.

ஜன்னல் சீட்டு கிடைச்சா...

நீங்களே எடுப்பதாக இருந்தால், தங்கச்சியும் நானும் சேர்த்து வைத்த சில குறிப்புகள்:

* இறக்கைக்கு முன்னால் உள்ள சீட் கிடைத்தால் நல்லது. பின்னால் என்றால் இன்ஜின் சூட்டுக் காற்றில் படம் கலங்கலாக வரும்.
* பிளாஷை அணைத்துவிடுங்கள். கண்ணாடியில் பட்டு உங்கள் மூக்கையே திருப்பிக் காட்டும்.
* கேமராவை ஜன்னலுக்கு ரொம்பப் பக்கத்தில் வையுங்கள், ஆனால் ஒட்ட வேண்டாம். ஒட்டினால் அதிர்வு படத்தில் வந்துவிடும்.
* ஜன்னலின் கீழே குட்டி ஓட்டை தெரிகிறதா? பயப்படாதீர்கள். அடுக்கு ஜன்னலுக்குள் காற்றழுத்தத்தைச் சரிசெய்யவும் பனி படியாமல் இருக்கவும் வைத்தது.
* சென்னையிலிருந்து மதுரைக்குக் காலையில் வருகிறீர்களா? வெயில் இடது பக்கமிருந்து அடிக்கும். வலது பக்கம் உட்கார்ந்தால் கண் கூசாமல் தெளிவாக எடுக்கலாம்.

படத்திலிருந்து சீட்டுக்கு

இப்போது சித்தியின் அந்த இரண்டாவது வாக்கியத்துக்கு வருகிறேன். "அதெல்லாம் மெட்ராஸ் பிள்ளைகளுக்கு."

அந்த வாரம் ப்ளஸ் ஒன் சேர்க்கைக்குப் படிவம் வாங்கி வந்திருந்தார்கள். காமர்ஸ் குரூப் என்று வீட்டில் ஏறக்குறைய முடிவாகியிருந்தது. காரணம் மார்க் இல்லை. மேத்ஸ் குரூப் எடுத்தால் டியூஷனுக்குத் தேனி வரை போக வேண்டும், இருட்டிய பிறகு பஸ்ஸில் தனியாக வர வேண்டும் என்ற பயம். சித்தியின் பயத்தை நான் குறைசொல்ல மாட்டேன். அந்தக் கடைசி பஸ்ஸில் நானும் வந்திருக்கிறேன்.

ஆனால் மாடியில் படுத்துக்கொண்டு விமானம் எண்ணும் பிள்ளைக்கு, அந்தப் படிவத்தில் போடும் ஒரு டிக் என்ன செய்யும் என்பதை மட்டும் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. சொன்னேன்.

பயணிகள் விமானம் ஓட்டும் கமர்ஷியல் பைலட் லைசென்ஸுக்கு, ப்ளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும் படித்திருக்க வேண்டும் என்பதே விதி. இந்த விதியைத் தளர்த்தலாம் என்ற பேச்சு 2025-ல் எழுந்தது. ஆனால் பேச்சை நம்பி டிக் போட முடியாது. இரண்டையும் படிக்காதவர்கள் பிறகு திறந்தநிலைப் பள்ளி வழியாக எழுதிக்கொள்ளலாம், அந்த வழி உண்டு. 18 வயது, மருத்துவத் தகுதி, எழுத்துத் தேர்வுகள், 200 மணி நேரப் பறத்தல். அதற்கான செலவு? அரைக் கோடி ரூபாய்க்கு மேல் ஆகலாம். தொகையைக் கேட்டதும் சித்தப்பா எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டார்.

காசில்லாத வழி ஒன்றும் இருக்கிறது. என்.டி.ஏ எனும் தேசியப் பாதுகாப்பு அகாடமி. யூ.பி.எஸ்.சி வருஷத்துக்கு இரண்டு தடவை தேர்வு வைக்கிறது. வயது பதினாறரையிலிருந்து பத்தொன்பதரைக்குள். ப்ளஸ் டூ படிக்கும்போதே எழுதலாம். பயிற்சிச் செலவை அரசே ஏற்கும். ஆனால் விமானப்படைக்கு இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றும் கட்டாயம். பறக்கும் பிரிவுக்குக் குறைந்தது 162.5 சென்டிமீட்டர் உயரம் வேண்டும், கண் பார்வையும் கண்டிப்பாகச் சோதிப்பார்கள். தேர்வுக்குப் பிறகு ஐந்து நாள் நேர்முகத் தேர்வு. கஷ்டம்தான், லட்சக்கணக்கில் எழுதி சில நூறு பேர்தான் உள்ளே போகிறார்கள். ராகேஷ் சர்மா, சுபான்ஷு சுக்லா, அஜித் கிருஷ்ணன் மூவருமே இந்த வாசல் வழியாகப் போனவர்கள். சுக்லா எழுதியதே, நண்பன் வாங்கி வைத்திருந்த விண்ணப்பத்தில் என்று அவர் குடும்பத்தார் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்கள்.

"பொம்பளப் பிள்ளைகளுக்கு அதெல்லாம் உண்டா?" என்றார் சித்தி.

2021 வரை இல்லை. உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான் பெண்கள் அந்தத் தேர்வை எழுதினார்கள். 2022-ல் முதல் தொகுதி உள்ளே போனது. 2025 மே 30-ல் அந்தத் தொகுதியின் 17 பெண்கள் பயிற்சி முடித்து வெளியே வந்தார்கள். விண்ணப்பிக்கப் பெண்களுக்குக் கட்டணமும் இல்லை. டிகிரி முடித்துவிட்டு எழுதும் ஏ.எஃப்.கேட் தேர்விலும் பறக்கும் பிரிவுக்கு ப்ளஸ் டூ இயற்பியல், கணிதம் கேட்பார்கள். எந்த வாசலாக இருந்தாலும் வாசற்படி அந்த இரண்டு பாடங்கள்தான்.

விமானி ஆகியே தீருவாள் என்று நான் சொல்லவில்லை. பதினைந்து வயதில் எனக்கு டாக்டர் ஆசை, இப்போது உங்களுக்கு ஸ்க்ரோல் டைரி எழுதிக்கொண்டிருக்கிறேன். நாளைக்கு அவளுக்கே வேறொன்று பிடிக்கலாம். ஆனால் வேண்டாம் என்று அவளே முடிவு செய்வதற்கும், பஸ் நேரம் முடிவு செய்வதற்கும் வித்தியாசம் இருக்கிறதில்லையா?

சித்தி ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "டியூஷன் விட்டு வர்றப்ப யாரு கூப்பிடப் போறது?" என்றார். மாடிப்படியில் நின்றிருந்த சித்தப்பா, "நான் போறேன். வண்டி எதுக்கு இருக்கு?" என்றார். வண்டி டி.வி.எஸ் எக்ஸ்எல். தங்கச்சி என்னைப் பார்த்துச் சிரித்தாள். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே வீடியோதான் ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

மறுநாள் காலையில் படிவத்தில் மேத்ஸ் குரூப் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார்கள்.

நான் சென்னைக்கு பஸ் ஏறும்போது அம்மாச்சிக்கு மட்டும் பதில் பாக்கி இருந்தது. சொல்லிவிட்டேன். "மேலருந்து பாத்தா ஆத்துல தண்ணி தெரியல அம்மாச்சி. மணல்தான் வெள்ளையாத் தெரியுது."

அம்மாச்சி கொஞ்சம் யோசித்தது. "மழ பேஞ்சதுக்கப்புறம் ஒரு போட்டோ புடிக்கச் சொல்லு."

யாரிடம் சொல்ல என்று கேட்டேன். அம்மாச்சி என் முகத்தைப் பார்க்கவே இல்லை. திண்ணையில் உட்கார்ந்து புது நோட்டுக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்த பேத்தியைப் பார்த்துத் தாடையால் காட்டியது.